465 ரூபாய்

ஜூலை 25, 2025, வெள்ளி

இன்க்ரிமென்ட் லெட்டர் வந்துவிட்டது. 20,640 இனி 21,465. நாலு சதவீதம். இந்த வருஷம் நல்லாவே போட்டிருக்கோம் என்றார் மேனேஜர், தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது போல. சிரித்துவைத்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

கடலூர் ஓ.டி.யில் இறங்கி அம்மாவுக்கு ஒரு முழம் மல்லி. ஆடி வெள்ளி என்று பூக்காரி விலை ஏற்றிவிட்டாள். பேரம் பேசவில்லை. இன்று ஒரு நாள்.

ஜூலை 26, சனி

லேபில் மெட்ஃபார்மின் மூன்று பேட்ச். காலையிலிருந்தே கருவியின் குழாயில், நாங்கள் காலம் என்று சொல்வதில், பிரஷர் ஏறிக்கொண்டே இருந்தது. நேற்று ஓட்டியவர் தண்ணீர் விட்டுக் கழுவாமல் போயிருக்கிறார். பஃபர் உள்ளேயே நின்றால் உப்பு கட்டாமல் என்ன செய்யும். மெதுவாகத் தண்ணீர் விட்டு இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், காய்ச்சல்கார பிள்ளையிடம் உட்காருகிற மாதிரி. 210 பார் கடைசியில் 140-க்கு இறங்கியது. "காலம் கெட்டுப்போச்சுக்கா" என்றாள் புதுசாகச் சேர்ந்த பெண். முதல் நாள் இந்த வார்த்தையைக் கேட்டுத் திருதிருவென்று விழித்தவள்.

ஒரு காலம் 48,000. பழைய சம்பளத்துக்கு நான் இரண்டு மாசம் பத்து நாள்.

இடது தோள்பட்டை வலி.

ஜூலை 27, ஞாயிறு

நெத்திலி அரைக் கிலோ. அம்மா ஆய்ந்தாள். நான் கணக்கு எழுதினேன்.

வாடகை 6,500. கரன்ட் யூனிட்டுக்கு 8 ரூபாய், வீட்டுக்காரம்மா தனி மீட்டர் வைத்திருக்கிறாள். கவர்மென்ட் கொடுக்கிற இலவச 100 யூனிட் அவள் வீட்டு மீட்டரோடு நின்றுவிடும், மாடிப்படி ஏறாது. சிலிண்டர், கொண்டுவந்த பையனுக்கும் சேர்த்து 930. நீல ஆவின் தினம் 20. தம்பி ஹாஸ்டல் 4,000. சீட்டு 2,000. அம்மா மாத்திரை, ஊசி, ஈ.எஸ்.ஐ. கார்டில்: 0.

அந்தச் சைபரை எழுதும்போது எப்போதும் ஒரு திருப்தி.

ஜூலை 29, செவ்வாய்

எச்.ஆர். தம்பி கூப்பிட்டான். "மேடம், 21,000 தாண்டிட்டீங்க. செப்டம்பரோட ஈ.எஸ்.ஐ. பிடித்தம் நின்னுடும்."

நல்லதுதானே, 160 ரூபாய் மிச்சம் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். அப்புறம் வயிறு குளிர்ந்துபோனது.

செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜூன் 30 வரை கார்டு செல்லும். அதற்கப்புறம் கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ். அம்மாவைச் சேர்க்க வருஷத்துக்கு 7,200. படுத்தால்தான் பணம். மாத்திரைக்கு இல்லை. ஊசிக்கு இல்லை.

ஜூன் 30 வரை இருக்கிறது. பதினோரு மாசம். இப்போதே என்ன.

ஜூலை 30, புதன்

தூக்கம் இல்லை. தாண்டினது 465 ரூபாய். வரம்புக்கு மேல் 2.2 சதவீதம். என் வேலையில் இதற்குப் பெயர் ஓ.ஓ.எஸ். விசாரணை வைப்பார்கள். கருவியில் தப்பா, ஆளில் தப்பா என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

மத்தியானம் போய்க் கேட்டேவிட்டேன். 20,999 போட முடியுமா தம்பி?

அவன் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சிஸ்டத்துல ஏறிடுச்சு மேடம்."

ஜூலை 31, வியாழன்

சம்பளம். கையில் 19,581. போன மாசத்தைவிட 766 கூட. கேன்டீன் 350 போகத்தான்.

மெடிக்கலில் அம்மா சீட்டைக் காட்டி விலை மட்டும் கேட்டேன். கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினான். 1,340. "போடவா அக்கா?" இல்லை, அப்புறம் வருகிறேன்.

ஈ.எஸ்.ஐ. நின்றபின் கையில் 19,742. பழைய சம்பளத்துக்கு மேல் 927. அதில் இன்ஷூரன்ஸ் 600, மருந்து 1,340. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் 1,013 குறைகிறது. ரிசல்ட் ஒத்துப்போகிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

துப்பட்டாவில் சிப்காட் நாற்றம். அலசியும் போகவில்லை. தலைவலி.

வீட்டுக்காரம்மா மாடிப்படியிலேயே பிடித்தாள். "சம்பளம் ஏறிச்சாமே." அம்மா சொல்லியிருக்கிறாள். தை பிறந்தால் வாடகை 500 ஏறும்.

அம்மாவிடம் ரெண்டு மணி நேரம் பேசவில்லை. அப்புறம் சுகர் பார்க்கிற நேரம் வந்துவிட்டது, பேச வேண்டியதாயிற்று. சாப்பாட்டுக்கு முன்னால் 188.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம். அம்மாவுக்கு ஒரு கரண்டிக்கு மேல் வைக்கவில்லை, முறைத்தாள்.

ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் இருக்கிற சிநேகிதி போன் பண்ணினாள். அவள் லேபில் இடம் இருக்கிறதாம். கையில் 31,000. கேட்டதும் காது சூடாகிவிட்டது. எழுதிப் பார்த்தேன். சின்ன வீடே 11,500. பால் அரை லிட்டர் 30-ஐ ஒட்டி. ரேஷன் துவரை 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் அங்கே யார் தருவார்கள். பஸ் அங்கேயும் பெண்களுக்கு இலவசம்தானாம். எல்லாம் போக ஐயாயிரம் நிற்கும்.

போகிறேன். ஜூன் வருவதற்குள் போய்விடுகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

போகவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மெட்ஃபார்மின், ஐந்து பேட்ச். சயனோகுவானிடின் 0.02 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. குரோமட்டோகிராமில் அது ஒரு சின்ன மேடு. அந்த மேட்டைத் தேடித்தான் ஆறு வருஷம். கண் எரிகிறது. பிரஷர் மறுபடி ஏறுகிறது.

பெரியம்மா போனில் ஒரு வரன் சொன்னாள். பையன் நெய்வேலியாம். பத்து பவுனாவது போடணுமாம். பவுன் 75 ஆயிரத்தில் நிற்கிறது. ஒரு பவுன் விலைக்கு மூன்று காலம் வாங்கலாம் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை காலம்தான். கணக்கும் தப்ப ஆரம்பித்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ராத்திரி பளிச்சென்று விழிப்பு. உரிமைத் தொகை. வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கணும். 21,465-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,57,580.

அம்மாவின் ஆயிரமும் போகுமோ. யாரிடமும் கேட்கப்போவதில்லை. கேட்டால்தானே தெரியும் அவர்களுக்கு.

ஆகஸ்ட் 9, சனி

சீக்கிரம் முடிந்தது. டவுன் பஸ்ஸில் கடைசி சீட். கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபோது சும்மா ஒரு சந்தோஷம். இன்னும் ஒன்று எனக்கு இருக்கிறது.

தோள்பட்டை பரவாயில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஃப்ரிட்ஜில் என் டிஃபன் பாக்ஸ். காலையில் தேடிய பாக்ஸ். திறந்தேன். பாதி கரைந்த ஐஸ், பாலிதீன் பையில் சுற்றி இரண்டு இன்சுலின் பாட்டில். கீழே ஈரமாகிப்போன ஜி.எச். ஓ.பி. சீட்டு. மஞ்சக்குப்பம் போயிருக்கிறாள். தனியாக.

ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றாளாம். ஐஸ் ஜூஸ் கடைக்காரன் சும்மாவே கொடுத்தானாம். மாத்திரைக்கு வீட்டுக்கே வருகிற மருத்துவம் பிள்ளையிடமும் பேர் கொடுத்துவிட்டாளாம்.

"ஜூன் வரைக்கும் கார்டு இருக்கே, இப்ப என்னத்துக்குப் போனே?"

"அதுக்குள்ள கால் பழகிக்கட்டும்னுதான்."

கத்தினேன். அசையவில்லை அவள். உள்ளே போய் பாக்ஸைக் கழுவினேன். ஜி.எச். மெட்ஃபார்மின் அட்டையைத் திருப்பி பேட்ச் நம்பர் பார்த்தேன். பழக்கம். எங்கள் சரக்கா என்று அதில் தெரியாது.

சுகர் 164. நாளைக்குக் காலத்தைக் கழுவ அரை மணி முன்னால் போகணும்.