கீழிருந்து நனைக்கும் மழை

இலங்கை மலையகத்தின் வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5000 மில்லிமீட்டர் மழை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் வெயிலை மறந்துவிடலாம். தேயிலைக் கொழுந்தெடுப்பு மட்டும் நிற்காது. அங்கே ஒரு தோட்டத்துக்குப் போனது, பெண்கள் மழைக்கு எப்படி உடுத்துகிறார்கள் என்று பார்ப்பதற்காக.

உடுத்துவதே ஒரு கைவேலை. பழைய சட்டைக்கு மேல், இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மொத்தமான பொலித்தீன். மேல்விளிம்பை மடித்துச் சுருட்டி, அதற்குமேல் கயிற்றை இறுக்குகிறார்கள். சுருட்டாவிட்டால் கயிறு பட்ட இடத்திலிருந்தே கிழியும். தலைக்கு இன்னொரு துண்டைக் கொங்காணியாக மடித்துப் போட்டு, அதன்மேல் கூடைக்கயிறு.

"அம்மா காலத்துல கம்பளி. நனைஞ்சா கூடையவிட அதுதான் பாரம்" என்றார் மூத்தவர் ஒருவர்.

"இடுப்புக்குக் கீழ ஏன்கா இவ்வளவு மொத்தம்?"

"மழை மேலயிருந்து மட்டுமா வருது தம்பி? செடியிலயிருந்துல்ல வருது."

நிரைக்குள் இறங்கியதும் புரிந்தது. ஈரச் செடிகளை இடுப்பால் விலக்கித்தான் நடக்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய வாது ஒவ்வொன்றும் துணியை அரம்போல் உரசுகிறது. பொலித்தீன் மழையைத் தடுக்கும். வியர்வையையும் வெளியே விடாது. மலை ஏறி முடிப்பதற்குள் உள்ளே சட்டை தொப்பல்.

நீர் ஒட்டாத துணியின் தரம் பார்க்கும் தெளிப்புச் சோதனையில், 45 பாகை சாய்த்த துணிமேல் 250 மில்லிலீட்டர் தண்ணீரை ஊற்றி, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வாது உரசுவது அந்தக் கணக்கில் கிடையாது. அப்படித் தேறிய மழைச்சட்டை இந்த மலையில் எத்தனை நாள் தாங்கும்?

துணியில் நீர் ஒட்டாமல் இருக்கப் பூசி, கதிர்வீச்சால் இறுக்கும் பூச்சில் எனக்கு ஆர்வம் வந்தது இதனால்தான். வழக்கமான முறையில் துணியை மருந்தில் தோய்த்து, 150 பாகை செல்சியசுக்குமேல் சூடான அடுப்புக்குள் ஓட்டுவார்கள். அந்த மருந்துகளில் நெடுங்காலம் ஃபுளோரின் சேர்மங்களே கோலோச்சின. அவற்றோடு தொடர்புடைய, மண்ணிலும் நீரிலும் அழியாத பீஎஃப்ஓஏ என்ற சேர்மம் 2019இல், ஒழிக்க வேண்டிய மாசுகளுக்கான ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியது. புதிய முறையில் அக்ரிலேட் திரவத்தை மெல்லப் பூசிப் புறஊதா விளக்கின்கீழ் ஓட்டினால், ஒளிபட்ட மூலக்கூறுகள் சில நொடிகளில் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். அடுப்பு தேவையில்லை, கரைப்பான் இல்லாமலும் செய்யலாம். இழையை மட்டும் போர்த்தும் அளவுக்கு மெல்லியதாய்ப் பூசினால் துளைகள் அடைபடாது, வியர்வை ஆவியாக வெளியேறும்.

சிக்கல், நூலுக்குள் விழும் நிழல். முறுக்கின் உட்புற இழைகளுக்கு ஒளி போவதில்லை. அங்கே இறுகாமல் தங்கும் அக்ரிலேட் தோலில் அரிப்பை உண்டாக்கும். எலக்ட்ரான் கற்றை உள்ளேவரை ஊடுருவும். ஆனால் இயந்திரத்தின் விலை யானை விலை. நாள் முழுக்க உடம்போடு ஒட்டிக் கிடக்கும் உடுப்புக்கு அரைகுறையாய் இறுகிய பூச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அன்று தோட்டத்து நிறுவையில் ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவென்று சில கிலோவைக் குறைத்தார்கள். உடம்பில் ஊறிய தண்ணீருக்குக் கணக்கு இல்லை.

எப்படிப்பட்ட துணி வேண்டும் என்று கேட்டேன். "உள்ள வேர்க்கக் கூடாது. குச்சிக்குக் கிழியக் கூடாது. அடுப்புக்கிட்ட காயப்போட்டா உருகக் கூடாது" என்று அடுக்கினார் அந்த மூத்த அக்கா.

"விலை?"

"அத தோட்டத்துல கேளுங்க தம்பி. மழையில எடுக்கச் சொல்றது அவங்கதானே."