கேட்பது நான் மட்டும்

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக்கணக்கில் ஒரு கிலோ பெட்ரோலுக்குப் பதினான்கரைக் கிலோவுக்குச் சற்று மேல் காற்று. பங்க்கில் காசு கொடுத்து வாங்குவது சின்னப் பங்குதான். மீதியைக் கார் போகிற போக்கில் தெருவிலிருந்து இழுத்துக்கொள்கிறது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியவந்தது 44 வயதில். பதிற்றுப்பத்து நடத்துகிறவள் சாயங்காலங்களில் ஏர் ஃபில்டரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள் என்றால் என் துறையில் யாரும் நம்பமாட்டார்கள்.

என்னுடையது 2014ஆம் ஆண்டின் போலோ ஜிடி டிஎஸ்ஐ. இரண்டாம் கையாக வாங்கியது. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கார் பைத்தியங்கள் சிரிப்பார்கள். கதவு நான்கு, கூரை திறக்காது. ஆனால் 1,197 சிசி டர்போ என்ஜின், 105 குதிரைத்திறன், ஏழு கியர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்பட்டதில்லை. சத்தம் ஒன்றைத் தவிர. நன்றாக ஓடும் இந்த என்ஜின் கார்க் கண்ணாடிகளுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது. அது மூச்சை இழுப்பதைக் கேட்கவேண்டும் போலிருந்தது. அதற்குத்தான் ஏர் இன்டேக் மாற்றுகிறார்கள் என்று ஒரு மாணவன் சொன்னான்.

கோவையில் இந்தச் சாமான்களுக்குக் குறைவில்லை. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர் இது. பந்தயக் கார் கட்டிய கரிவரதனின் பெயர் அந்தத் தடத்துக்கு. நான் போன கடையில் இருந்தவர் மரியாதையானவர், அதில் குறை சொல்லமுடியாது. முதல் கேள்வி, "சார் வரலீங்களா?" வண்டி என்னுடையது என்றேன். "தம்பிக்குப் பாக்கறீங்களா?" என்றார். எனக்குத்தான் என்றதும் முகம் தெளிந்து, "மைலேஜுக்குங்களா மேடம்?" என்றார்.

அந்த மூன்றாவது கேள்வியைத்தான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் காருக்குச் செலவு செய்ய இரண்டு காரணங்கள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன: மிச்சம், பாதுகாப்பு. பக்கத்தில் நின்ற இருபது வயதுப் பையனிடம் அவர் மைலேஜைப் பற்றிப் பேசவே இல்லை. "சவுண்டு கெத்தா இருக்கும் ப்ரோ" என்றார், அவன் பணத்தை எண்ணினான். எனக்குச் சம்பளம் வரத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன், தங்கையின் வீட்டுக் கடன், மகளின் கல்லூரிக் கட்டணம் என்று ஒவ்வொரு பெரிய செலவுக்கும் ஒரு பயனாளி உண்டு. பயனாளி நானே, பயன் வெறும் சந்தோஷம் என்று ஒரு ரசீதுகூட என் அலமாரியில் இல்லை. சேலையும் நகையும் அந்தக் கணக்கில் வராது. அவை குடும்பத்தின் கௌரவக் கணக்கு.

கடைக்காரர் எடுத்துக் காட்டியவை மூன்று வகை. வாங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, கம்பெனி கொடுத்த பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் காகித ஃபில்டருக்குப் பதிலாக எண்ணெய் தடவிய பருத்தி வலை ஃபில்டரைப் போடுவது. கழுவிக் கழுவிப் பல வருடம் ஓட்டலாம். இரண்டாவது, பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரைப் பானெட்டுக்குள் திறந்தாற்போல் மாட்டுவது. சத்தம் இதில்தான் அதிகம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது டர்போ விடுகிற பெருமூச்சுகூடக் கேட்கும். பையன் வாங்கியது இதை. மூன்றாவது, நீளமான குழாயை பம்பருக்குப் பின்னாலோ சக்கரத்துக்குப் பக்கத்திலோ கீழே இறக்கி, அங்கிருக்கும் குளிர்ந்த காற்றை இழுப்பது. விலையும் ஏறிக்கொண்டே போகும். கடைசி வகைக்குச் சொன்ன தொகையில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கலாம். (பார்த்தீர்களா, எனக்கே அளவுகோல் ஃப்ரிட்ஜ்தான்.)

குளிர்ந்த காற்று ஏன் முக்கியம்? சூடான காற்று விரிந்து லேசாகிவிடும். 30 டிகிரியில் இருக்கும் காற்று 60 டிகிரிக்குப் போனால் அதே அளவு இடத்தில் ஏறக்குறைய 9 விழுக்காடு குறைவான காற்றுதான் இருக்கும். சித்திரை வெயிலில் சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் 60 டிகிரி ஒன்றும் பெரிதில்லை. ஆகவே இரண்டாவது வகையில் என்ஜின் தன் வெக்கையைத் தானே திரும்ப இழுக்கும். சத்தம் கூடும், நெரிசலில் வேகம் குறையக்கூடச் செய்யும். "பத்து குதிரை ஏறும் மேடம்" என்றார் கடைக்காரர். இப்படிப்பட்ட சோதனைகளில் பானெட்டைத் திறந்துவைத்து, எதிரே பெரிய மின்விசிறியை ஓடவிட்டு அளப்பது வழக்கம். நாம் பானெட்டைத் திறந்துகொண்டா வால்பாறைக்குப் போகிறோம்?

மூன்றாவது வகையை நான் தள்ளிவைத்ததற்கு லங்கா கார்னர் போதும். ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் அந்தச் சுரங்கப்பாதை குளமாகிவிடும். தாழ்வாய் மூக்கை வைத்திருக்கும் கார் அங்கே காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும், தண்ணீர் விட்டுக்கொடுக்காது, கனெக்டிங் ராடு வளையும். அதோடு என்ஜின் முடிந்தது. கம்பெனிக்காரர்கள் மூக்கை உயரத்தில், முகப்புக்கு அருகில் வைத்திருப்பது சும்மா இல்லை. வெளியிலிருந்து குளிர்ந்த காற்றும் வருகிறது, தண்ணீரும் எட்டாது. பானெட்டைத் திறந்து அந்தக் குழாயைக் கையால் தொட்டுத் தொட்டுப் போய்ப் பார்த்தேன். யாரோ ஒருவர் நன்றாக யோசித்திருக்கிறார் என்று பட்டது. அப்படிப் படும்போது அதைக் கழற்றி எறிய மனம் வருவதில்லை.

இன்னொன்றும் புரிந்தது. ஃபில்டரை மாற்றினால் திறன் கூடும் என்பது, ஃபில்டர்தான் வழியில் மிகக் குறுகலான இடம் என்றால் மட்டுமே உண்மை. உலக ராலிப் பந்தயக் கார்களில் டர்போவின் வாயிலேயே ஒரு சிறு துளைதான் வைக்கலாம் என்று விதி. 2017இல் அந்தத் துளையை 33 மில்லிமீட்டரிலிருந்து 36 மில்லிமீட்டராக அகலப்படுத்தினார்கள். கார்களின் திறன் 300 குதிரைகளைச் சற்று தாண்டிய நிலையிலிருந்து 380க்குப் போனது. மூன்று மில்லிமீட்டர் செய்த வேலை. நம் தெருக் கார்களில் கணிப்பொறி டர்போவின் அழுத்தத்தை ஓர் அளவுக்கு மேல் விடாது. குறுகலான இடம் அங்கே இருக்கும்போது இங்கே ஃபில்டரைப் பெரிதாக்கி என்ன? திறமை உள்ளே இருக்கிறது, துளையை யாரோ சின்னதாக வைத்திருக்கிறார்கள் என்று ஓர் உவமை தானாக வந்து வாசலில் நிற்கிறது. நான் அதை உள்ளே விடவில்லை. பெண்ணின் மூச்சைப் பற்றித் தமிழில் போதுமான கவிதைகள் இருக்கின்றன. அவற்றில் சில என்னுடையவை.

துளை என்றதும் பியாட்ரிஸ் ஷில்லிங் நினைவுக்கு வருகிறார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் மெர்லின் என்ஜின் பொருத்திய போர் விமானங்கள் மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால் என்ஜின் திணறி நின்றது; கார்புரேட்டரில் எரிபொருள் தாறுமாறாகப் பாய்ந்ததுதான் காரணம். 1941இல் ஷில்லிங் செய்தது, நடுவில் துளையுள்ள ஒரு சின்ன உலோக வில்லை. என்ஜினுக்கு முழு வேகத்தில் எவ்வளவு எரிபொருள் வேண்டுமோ அதற்கு மேல் போகாதபடி அளந்த துளை. விமானத்தைப் பிரிக்காமலே மாட்டிவிடலாம். விமானிகளின் உயிரைக் காத்த அந்த வில்லைக்கு ஆண்கள் வைத்த பெயர் 'மிஸ் ஷில்லிங்கின் துளை'. இதிலுள்ள இளிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. அப்போது அவர் திருமணமானவர். கேலிக்கு 'மிஸ்'தான் பொருந்தியது போலும். 1934லேயே ப்ரூக்லேண்ட்ஸ் தடத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். எந்திரத்தின் சத்தம் பிடித்துப்போன பெண் நான் முதல் ஆளில்லை என்பதற்காக அவரைத் தேடிப் படித்தேன்.

வெளியூர் வரை போகவேண்டியதும் இல்லை. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. எங்கள் வீட்டுக் கிரைண்டர் ஓடும்போது அம்மா ஹாலில் உட்கார்ந்தபடியே "மாவு இறுகிருச்சு, தண்ணி ஊத்து" என்பார். மிக்ஸியின் சுருதி மாறினால் கார்பன் தேய்ந்துவிட்டது என்பார். பாரம் ஏறும்போது மோட்டாரின் குரல் எப்படித் தாழும் என்று அவருக்குத் தெரியும். இதைத் தொழில்நுட்ப அறிவு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. காதால் எந்திரத்தைப் படிக்கும் வழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும்.

சத்தம் வேண்டும் என்று முடிவுக்கு வருவதில்தான் எனக்கு உண்மையான சிக்கல் இருந்தது. விலையோ சூடோ அவ்வளவு படுத்தவில்லை. எங்கள் கல்லூரி வாசலில் நாலு மணிக்கு நின்று பாருங்கள். சைலன்ஸரைக் கழற்றிய புல்லட்டுகள் மாணவிகளுக்குப் பக்கத்தில் வந்து வெடிக்கும். பெண்கள் திடுக்கிட்டு ஒதுங்குவார்கள். அந்தத் திடுக்கிடலுக்காகத்தான் செலவு செய்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்தின் தங்கையையா நான் காசு கொடுத்து வாங்கப்போகிறேன்?

முல்லைத் திணையில் தேர் பெண்ணுக்குச் சத்தமாக மட்டுமே வருகிறது. ஓட்டுபவன் பாகன், ஏறியிருப்பவன் தலைவன்; அவள் வீட்டில் இருந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார் பாடியது, திரும்பி வரும் தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாதாம். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதை ஜீவகாருண்யம் என்று சொல்லிக் கடப்பேன். இந்த வருடம் ஒரு மாணவி எழுந்து, "அப்ப அவளுக்கு எப்படிங்க மேம் கேக்கும்?" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்கு வேறொன்று ஓடியது: தெருவைக் கலக்காமல், ஏறியிருப்பவருக்கு மட்டும் கேட்கிற மணி இருந்தால்?

இருக்கிறது. சைலன்ஸர் வழியாக வருவது வெளியேற்றத்தின் சத்தம், பின்னால் தெருவைப் பார்த்துப் பேசுவது. இன்டேக் சத்தம் என்ஜின் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம், முன்னால் பானெட்டுக்கடியில் பிறந்து ஓட்டுபவர் பக்கம் வருவது. கார் கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். டொயோட்டா ஜிடி86இல் இன்டேக் சத்தத்தை உள்ளறைக்குக் கொண்டுவருவதற்கென்றே ஒரு குழாய் வைத்தார்கள். பிஎம்டபிள்யூ எம்5இல் ஒலிபெருக்கி வழியாக என்ஜின் சத்தத்தைச் சேர்த்தே கொடுத்தார்கள். வாங்குகிறவர்கள் கேட்பதற்காகக் காசு கொடுக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்ட பிறகு மைலேஜ் பேச்செல்லாம் எதற்கு?

சட்டத்தையும் பார்த்தேன். வண்டியின் மூல அமைப்பை அனுமதியின்றி மாற்றினால், 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பெட்டியையும் குழாயையும் தொடாமல், அதே அளவில் இருக்கும் வேறு ஃபில்டரைப் போடுவது தேய்ந்த பொருளை மாற்றுவதைப் போலத்தான். முதல் வகையே போதும் என்று வந்து நின்றேன்.

ஆனாலும் கடைசி வரை ஒரு தயக்கம். பருத்தி வலை காற்றைத் தாராளமாக விடும். பொதுவாகக் காகிதத்தைவிடத் தூசியையும் கொஞ்சம் கூடுதலாக விடும். பல்லடம் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் தினமும் போகிறவளாக இருந்தால் காகிதத்தையே வைத்துக்கொள் என்றுதான் என்னிடம் கேட்பவளிடம் சொல்வேன். என் வழி வீட்டிலிருந்து கல்லூரி, வார இறுதியில் மலை. எண்ணெயை அதிகம் தடவினால், காற்றை அளக்கும் சென்சார் உள்ள கார்களில் அது அதன்மேல் படிந்து கெடுக்கும். அளவாகத் தடவவேண்டும்.

"இதுல சவுண்டு பெருசா வராதுங்க மேடம்" என்று கடைக்காரர் எச்சரித்தார். கொஞ்சம் வரும் என்று எனக்குத் தெரியும் என்றேன். மாட்டுவதற்கு அவருடைய பையனைக் கூப்பிட்டார். நானே செய்துகொள்கிறேன் என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். ரசீதில் யார் பெயர் என்று கேட்டபோது என் பெயரைச் சொன்னேன்.

வந்தது கொஞ்சம்தான். ஜன்னல்களை ஏற்றி, பாட்டை நிறுத்தி, 3,000 சுற்றுக்கு மேல் மிதித்தால் கேட்கிறது. துணியைக் கிழிப்பதற்கும் காற்றில் கொடி படபடப்பதற்கும் இடைப்பட்ட ஒரு சத்தம். ஒன்பதாவது வளைவைத் தாண்டி ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அது நன்றாகத் திறக்கிறது. சாலையோரம் உட்கார்ந்திருக்கும் வரையாடுகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போன மாதம் முதல்முறை அதைக் கழற்றிக் கழுவினேன். அதற்கான திரவத்தில் ஊறவைத்து, சுத்தமான பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசவேண்டும். ஹேர் டிரையர் ஆகாது, தானாகக் காயவேண்டும். மாடிக் கொடியில் என் புடவைக்கும் மகளின் சுடிதாருக்கும் நடுவில் மாட்டிவைத்தேன். மறுநாள் முழுதாகக் காய்ந்த பிறகு மடிப்பு மடிப்பாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது அம்மா மேலே வந்தார். இதென்ன என்று கேட்டார், சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார், அதையும் சொன்னேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எண்ணெ தேச்சுட்டுத்தான் குளிப்பாங்க. நீ குளிப்பாட்டிட்டு எண்ணெ தேய்க்கற" என்றார்.