பையன் பெஞ்ச்சில் இருக்கிறான்!

கன்சல்டிங் கம்பெனிகளில் 'பெஞ்ச்' என்றால், புராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் காலம். முன்பெல்லாம் அது கொஞ்சம் இளைப்பாறல்தான். சம்பளம் வரும், புதிதாக எதையாவது படிக்கலாம்.

2025 ஜூனில் டி.சி.எஸ். நிறுவனம், ஆண்டுக்கு 225 நாள் புராஜெக்டில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது என்றது. அடுத்த மாதமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு.

செஞ்சி பக்கம், மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கும் தளவானூரிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போன இளைஞன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கல் படித்தவனுக்குப் பயிற்சி கொடுத்து, கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்த வேலை இது. மாதம் தவறாத சம்பளம். பிரீமியம் கட்டினால் அப்பா, அம்மாவுக்கும் மருத்துவக் காப்பீடு. மழையை நம்பி நெல் போடும் வீட்டுக்கு இது சின்ன விஷயமா என்ன?

பிடிக்காதவையும் உண்டு. மணிக்கணக்கை ஒப்புவிக்கும் டைம்ஷீட். அமெரிக்க கிளையன்ட்டுக்குப் பொழுது விடியும்போது இவனுக்கு இருட்டிவிடுகிறது. விலக நினைத்தால் 90 நாள் நோட்டீஸ். பொங்கல் லீவுக்குக்கூட லேப்டாப் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடும். ஆனாலும், இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கொண்டே இருக்கும் அந்த 35 நாள்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

"பெஞ்ச்சுல இருக்கேம்மா" என்று போனில் சொன்னால், "சாஞ்சு உக்காருப்பா, முதுகு வலிக்கப்போவுது" என்கிறார் அம்மா. அவன் திருத்துவதில்லை.