ரங்கூன் மோதிரமும் திருச்சிப் பட்டறையும்

திருச்சியைச் சுற்றி மாணிக்கச் சுரங்கம் எதுவும் இல்லை. மண்ணில் விளையும் கல் வேண்டுமென்றால் மேற்கே காங்கயம், சிவன்மலை, படியூர்ப் பக்கம் போக வேண்டும். நொய்யல் கரையில் கொடுமணலில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லறுத்து மணி கோத்த பட்டறைகள் இருந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது. திருச்சிக்கு அந்த மண் வாய்க்கவில்லை. ஆனாலும் வெளியிலிருந்து வந்த செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியே இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. எங்கள் வீட்டு மோதிரத்தின் உண்மை தெரிய வேண்டுமானால் அங்கே போய்க் கேளுங்கள் என்று என்னை அனுப்பியவர் எங்கள் ஊர் ஆசாரி.

மோதிரம் தாத்தாவுடையது. ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்கு எழுதியவர் அவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபின் 1942-ல் நடந்தே இந்தியா வந்து சேர்ந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். வேட்டி மடிப்பில் முடிந்து கொண்டுவந்த அந்த ஒற்றைக்கல் மோதிரம்தான் பர்மாவில் அவர் சம்பாதித்ததில் மிச்சம். பர்மாவின் மாணிக்கச் சுரங்க ஊரான மோகோக்கின் சிவப்பு என்று சொல்லியே பாட்டி அதை அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவும் அதையே சொல்லி எனக்குக் கொடுத்தார். வீட்டில் மற்ற நகையெல்லாம் அடகுக்கடைக்குப் போய் வந்திருக்கின்றன, சில வராமலே போயிருக்கின்றன. இது மட்டும் போனதில்லை. எதற்கும் அது இருக்கிறது என்ற தைரியத்தில் இரண்டு கல்யாணமும் ஓர் ஆபரேஷனும் நடந்திருக்கின்றன.

பழைய நகைகளில் கல்லின் அடிப்பக்கம் மூடித்தான் இருக்கும். ஆசாரி பக்கவாட்டுத் தங்கத்தை மெல்ல நெம்பிக் கல்லை எடுத்தபோது அதன் அடியில் ஒரு வெள்ளித் தகடு இருந்தது. வெங்காயச் சருகு அளவுக்கு மெல்லியது; ஒரு ஓரம் கறுத்திருந்தது. மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக் கல்லுக்குச் சிவப்பு கூட்டுவது அந்தத் தகட்டின் வேலை. "தகடு வெச்சுக் கட்டின கல்லைப் பார்த்து நல்லது கெட்டது சொல்றவன் பொய் சொல்றான்" என்றார் அவர். அதற்கு மேல் கருத்துச் சொல்ல அவர் ஒப்பவில்லை.

திருச்சியில் நான் போன பட்டறை ஒரு ஓட்டு வீட்டின் முன்கட்டு. ஜன்னலோரமாகச் சாணைத் தட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தார். பென்சில் மாதிரி ஒரு குச்சி. அதன் நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டியிருக்கிறார்கள். குச்சியின் மறுமுனையைப் பக்கத்தில் நிற்கும் துளைப்பலகையில் ஒரு துளைக்குள் பொருத்தி, கல்லைச் சுழலும் தட்டில் மெல்லத் தொடுகிறார்கள். எந்த உயரத்துத் துளை என்பதைப் பொறுத்துப் பட்டையின் சாய்வு மாறும். ஒரு முகம் முடிந்ததும் குச்சியை விரலால் இத்தனூண்டு உருட்டி அடுத்த முகம். அளவு பார்க்கக் கருவி இல்லை. தட்டில் கல் உரசும் சத்தம் மாறுவதைக் கேட்டே ஒரு முகம் முடிந்ததைத் தெரிந்துகொள்கிறார்கள். வைரத்துக்குப் போடும் வட்ட வெட்டில் மேலும் கீழுமாக 57 முகங்கள் வரும். கடுகைவிடச் சற்றே பெரிய கல்லிலும் அத்தனை முகங்களையும் இந்த விரல்கள் வைத்துவிடுகின்றன. முன்பெல்லாம் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையால் இதைச் செய்வார்களாம். இப்போது மோட்டார்.

பட்டறைக்காரருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். என் கல்லை வேட்டி நுனியில் துடைத்தார். பல்புக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதன் முன் கல்லை இடுக்கியில் வைத்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டார். முன்னும் பின்னும் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார்.

"உள்ள கோடு தெரியுதாம்மா? நேரா ஓடுதா, வளைஞ்சு ஓடுதா?"

முதலில் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு கோணத்துக்குத் திருப்பினார். அப்போது தெரிந்தது: கிராமபோன் தட்டின் வரிகள்போல நெருக்கமான மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து. ஓர் ஓரத்தில் ஊசிமுனை அளவில் இரண்டு காற்றுக் குமிழிகள்.

"மண்ணுல விளைஞ்ச கல்லுக்குக் கோடு வளையாதும்மா. இது அடுப்புல விளைஞ்சது."

அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே விரல் பருமனில், நெடுக்கே இரண்டாகப் பிளந்த ஒரு சிவப்புக் கூம்பு. ஒரு பக்கம் உருண்டை, பிளந்த பக்கம் கண்ணாடிபோல வழவழப்பு. இதை உண்டாக்கும் வழியைக் கண்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆகஸ்ட் வெர்னாய். 1890களின் தொடக்கத்திலேயே தம் முறையை முத்திரையிட்ட உறையில் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தவர், 1902-ல்தான் உலகுக்கு அறிவித்தார். அலுமினிய ஆக்சைடுப் பொடியில் சிவப்புக்காகக் கொஞ்சம் குரோமியம் கலந்து, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரின் வழியே சிறுகச் சிறுகச் சலித்து விடுவார்கள். 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அந்தச் சூட்டில் பொடி உருகி, கீழே சுழலும் தண்டின்மேல் துளித்துளியாக உறைந்து, சில மணி நேரத்தில் கூம்பாக வளர்ந்துவிடும். வளரும் முகம் குவிந்திருப்பதால் அடுக்குகளும் வளைந்தே படிகின்றன. நான் பார்த்த கோடுகள் அவைதான். பூமிக்குள் மெல்ல விளையும் மாணிக்கத்தில் நிறப்பட்டைகள் படிகத்தின் முகங்களை ஒட்டி நேராகவே ஓடும். பல கற்களில் பட்டு நூல்போல் நுண்ணிய ஊசிகள் ஒன்றையொன்று வெட்டிக் கிடக்கும்.

பிறகு ஒரு சோதனைக்கூடத்திலும் கொடுத்துப் பார்த்தேன். காற்றில் 2.40 காரட், தண்ணீரில் தொங்கவிட்டால் 1.80. குறைந்த 0.60-ஆல் 2.40-ஐ வகுத்தால் 4, மாணிக்கத்தின் அடர்த்தி. ஒளிவிலகலும் 1.76 - 1.77 என்று மாணிக்கத்தின் அளவிலேயே நின்றது. கண்ணாடியாகவோ, மாணிக்கம்போலவே தெரியும் ஸ்பைனல் என்ற வேறு கல்லாகவோ இருந்திருந்தால் இந்த எண்கள் வந்திருக்காது. வேதிப்பொருளில், கடினத்தில், நிறத்தில் இது மாணிக்கமேதான். புற ஊதா விளக்கில் பர்மா மாணிக்கம் கனன்று ஒளிரும் என்பார்கள், இதுவும் ஒளிர்ந்தது. ஆகையால் விளக்கை மட்டும் காட்டி பர்மாக் கல் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். வளைந்த கோடும் குமிழியும்தான் வழக்கைத் தீர்த்தன.

தாத்தாவை யாராவது ஏமாற்றினார்களா, தெரிந்தே வாங்கினாரா என்று இனி கேட்கவும் ஆளில்லை. காலம் பொருந்தித்தான் வருகிறது. அவர் ரங்கூன் போவதற்கு முன்பே செயற்கைச் சிவப்பு உலகச் சந்தை முழுக்கப் பரவிவிட்டது. மோகோக்கில் 1889-ல் தொடங்கிய பிரிட்டிஷ் கம்பெனியான பர்மா ரூபி மைன்ஸ் 1925-ல் மூடும் நிலைக்கு வந்ததற்கு அந்தப் புதுக்கல்லும் ஒரு காரணம். மாணிக்கம் தோண்டிய கம்பெனியையே அசைத்த கல், மாதச் சம்பளக்காரர் ஒருவரின் விரலுக்கு வந்ததில் வியப்பில்லை.

பட்டறைக்காரருக்கு இந்தச் சரித்திரத்தில் அக்கறை இல்லை. அவர் கல்லை விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். செயற்கைக் கல் மலிவு என்பதால் பெரும்பாலும் அவசரமாகத்தான் மெருகேற்றுவார்கள். சூடேறி முகங்களின் விளிம்பில் பொடிப்பொடி விரிசல் விழுந்துவிடும். என் கல்லில் அப்படி ஒன்றுகூட இல்லை. அடி முனை துல்லியமாக நடுவில் நிற்கிறது. எதிரெதிர் முகங்கள் ஒரே அளவு. "எவனோ பொறுமையா உட்கார்ந்திருக்கான். கல்லோட விலைக்கு இந்த வேலை தேவையே இல்ல, செஞ்சிருக்கான்" என்றார். அவர் குரலில் இருந்த மரியாதை கல்லுக்கானதல்ல. அது ரங்கூனில் தீட்டியதா, ஐரோப்பாவிலா, வேறெங்காவதா என்று சொல்ல வழியில்லை. ஆனால் ஒரு தொழிலாளி பல பத்தாண்டுகளுக்குப் பின் இன்னொரு தொழிலாளியின் கையை அடையாளம் கண்டதை நேரில் பார்த்தேன். சோதனைக்கூடத்துச் சான்றிதழில் அதற்கு இடமில்லை.

அந்தக் கைகளின் இன்றைய நிலை நன்றாக இல்லை. ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்தும், பிறகு மேட்டுப்பாளையத்தில் சுவிஸ் கூட்டோடு நடந்த ஆலையிலிருந்தும் கூம்புகள் வரும். வீட்டுக்கு வீடு சாணை ஓடும். 1976 வாக்கில் க்யூபிக் ஜிர்கோனியா சந்தைக்கு வந்தது. நம் ஊரில் அதுதான் அமெரிக்கன் டைமண்ட். அதையும் இவர்கள் தீட்டினார்கள். பின்னர் சீனாவின் வூசோ நகரத்தில் இயந்திரம் வெட்டித் தள்ளும் கல் இங்கே வந்திறங்கியதும் கைக்கல்லுக்குக் கேட்பாரில்லை. கூலி இன்னமும் கல்லுக்கு இவ்வளவு என்றுதான். கல் உடைந்தால் அன்றைய கூலியில் பிடித்தம்.

"கண்ணு போச்சுன்னா வேலையும் போச்சுக்கா. எம் பொண்ண இதுல விடல, துணிக்கடைக்கு அனுப்பிட்டேன்" என்றார் சாணையில் இருந்த ஒரு பெண், தலையைத் தூக்காமலே. கல்லுக்கும் அவர் கண்ணுக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை. முகக்கவசம் யாரும் போட்டிருக்கவில்லை. பட்டறை நடத்துகிறவரும் வசதியானவர் அல்லர். ஆர்டர் கொடுக்கும் வியாபாரி அடித்த விலைதான் அவருக்கும். இந்தத் திறமைக்கு இந்தக் கூலி அநியாயம். கைத்தறிக்கும் பட்டுக்கும் கொடுக்கிற கவனத்தில் ஒரு பங்கை அரசு இவர்களுக்கும் கொடுத்திருந்தால், அந்தப் பெண் தன் மகளைப் பற்றி வேறு விதமாக யோசித்திருக்கக்கூடும்.

கல்லை அதே மோதிரத்தில் திரும்பக் கட்டச் சொல்லிவிட்டேன், வெள்ளித் தகடு இல்லாமல், அடி திறந்து. விலை போகாது என்று அம்மாவிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இனி அதைப் பெட்டியில் பூட்ட வேண்டாம், கையில் போட்டுக்கொள் என்றார்.

உங்கள் வீட்டிலும் ரங்கூன் சிவப்பு, சிலோன் நீலம் என்று பெயர் சொல்லி வந்த கல் இருந்தால், பாகம் பிரிப்பதற்கு முன்பு, அதை நம்பிக் கடன் வாங்குவதற்கு முன்பு, கட்டிலிருந்து பிரித்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். கட்டிய நிலையில் பார்த்துச் சொல்லும் எந்த மதிப்பையும் ஏற்காதீர்கள். அப்படியே ஒரு பழைய பட்டறைக்காரரிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் செலவிடும் நேரத்துக்கு, அவர் கேட்காவிட்டாலும், கூலி கொடுத்துவிட்டு வாருங்கள்.