குட்டிப் பாம்பின் நிறம்

‘பாம்பென்றால் படையும் நடுங்கும்’ என்பது முன்னோர் மொழி. படையே நடுங்குமெனில், பதுளைக்கும் பசறைக்கும் இடையிலே தேயிலைத் தோட்டமொன்றின் ஓரத்தில் வாழும் எம்போன்ற வாத்தியார் குடும்பம் எம்மாத்திரம்! அத்தகைய எம்மிடம், சென்ற ஐப்பசியில் ஒரே வாரத்திலே இரண்டு பாம்புக் குட்டிகள் தம் பெயரைக் கேட்டு வந்து நின்றன.

முதற்குட்டி படமாக வந்தது. கனடாவில் டொரன்டோ நகரில் வாழும் எம் தமையனாரின் மகன், வளர்ப்பதற்கென்று சோளப் பாம்புக் குட்டியொன்றை வாங்கியிருந்தான். அதன் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, “சித்தப்பா, இது சிவப்பே இல்லாத சாம்பல் வகை, விலை அதிகம் என்கிறார் கடைக்காரர். எனக்கோ சாதாரணக் குட்டியாகத் தெரிகிறது. நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்தானே, சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தான்.

சோளப் பாம்பு அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்கு உரியது, நஞ்சற்றது, எலி தின்று வாழ்வது. நமது சாரைப்பாம்புக்குத் தூரத்து உறவு என்னலாம். அதன் இயல்பான நிறம் செம்மஞ்சள். முதுகிலே கருங்கரையிட்ட செந்திட்டுகள். கருநிறம் பிறவியிலேயே அமையாத குட்டி, சிவந்த கண்ணுடன் பிறக்கும். செந்நிறம் அமையாதது சாம்பலும் கறுப்புமாய்ப் பிறக்கும். இவ்விரண்டும் அமையாதது ஏறக்குறைய வெண்மையாய் இருக்கும். கருநிறமின்மை எவ்வாறு வழிவழி வருகின்றது என்பதை பெக்டெல் தம்பதியர் பாம்புகளை வளர்த்துப் பார்த்து 1962ஆம் ஆண்டில் எழுதினர். தாய் தந்தை இருவரும் சாதாரண நிறத்தினராய் இருந்தும், இருவரிடத்தும் அக்குணம் மறைந்திருப்பின், குட்டிகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றிலே அது வெளிப்படும். பாட்டனின் முகம் பேரனிடம் தோன்றுவதைக் காணும் நமக்கு இது புதுமையன்று.

ஆயினும் குட்டியின் நிறம் முழுக்கதையையும் கூறிவிடாது. சாதாரணக் குட்டியும் முட்டையிலிருந்து மங்கலாகவே வெளிவரும். சட்டை உரிக்க உரிக்கவே செம்மை துலங்கும். சாம்பற் குட்டிக்கும் வளரும்போது கழுத்தோரத்தில் மஞ்சள் படிவதுண்டு. ஆகவே நாம், “கழுத்துத் திட்டுகளின் இடைவெளியில் செம்மஞ்சள் சிறிதேனும் தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார், தாய் தந்தையின் நிறத்தைக் கடைக்காரரிடம் கேள், சில தடவை சட்டை உரிக்கும்வரை பொறு” என்று பதில் எழுதினோம்.

பிறருக்குப் பொறுமையை உபதேசித்த நமக்குச் சோதனை மூன்றாம் நாளே வந்தது. மழை விட்ட மாலையில், வீட்டின் பின்புற விறகுக் குவியலில் முழ நீளக் குட்டியொன்று கிடந்தது. எம் இளைய மகன்தான் முதலிற் கண்டான். கூக்குரல் கேட்டு, லயத்துப் பெரியவர் கவ்வாத்துக் கத்தியோடு ஓடி வந்தார். “கட்டுவிரியன் குட்டி, வாத்தியாரய்யா! சிறுசுகள் ஓடியாடுற இடம், விடக்கூடாது” என்றார். இல்லை, கண்ணாடி விரியன் என்றனர் வேறு சிலர்.

அவர் அச்சம் வீணன்று. அவருடைய மருமகள் கொழுந்தெடுக்கையில் மூக்கு மேடிட்ட சிறு விரியன் விரலிற் கடித்து, பல நாள் வைத்தியசாலையிற் கிடந்தவள். சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் அவ்விரியனே இந்நாட்டில் மிகப் பலரைத் தீண்டும் நச்சுப்பாம்பு; நம் வைத்தியசாலைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் இந்திய மாற்றுமருந்து அதன் நஞ்சுக்கு உரியதன்று. ஆனால் எம் நெஞ்சிலே வேறொரு முள்ளும் இருந்தது. ஈராண்டுகளுக்கு முன், வெண்பட்டைகளை மாத்திரம் பார்த்துக் கட்டுவிரியன் என்று நாமே அடிக்கச் சொன்ன பாம்பு, பல்லி தின்று வாழும் நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பெனப் பின்னர் அறிந்தோம்.

“பொறுங்கள் அண்ணே, எல்லாரும் விலகி நிற்போம். போகிறதா பார்ப்போம்” என்றோம். எம் குரல் நடுங்கியதை மறைப்பானேன்? குட்டி கழுத்தை வளைத்து நிமிர்ந்து, வாய் திறந்து சீறியது. மகன் எட்டி நின்றே படமெடுத்தான். கால் மணி நேரத்தில் அது வேலியைக் கடந்து தேயிலைக்குள் மறைந்தது. பெரியவர் அன்றிரவு எம்முடன் பேசவில்லை.

மறுநாள் படத்தை நூல்களோடு ஒப்பிட்டோம். மெலிந்த உடல், வட்டக் கண்மணி, கழுத்தில் இரு கருங்கோடுகள், முன்னுடலிற் குறுக்கு வரிசையாய் வெண்புள்ளிகள், பின்னுடலில் நெடுக ஓடும் பட்டைகள்: சிங்களத்தில் கட்டகலுவா எனப்படும் நஞ்சற்ற பாம்பு அது. எலிகளைத் தின்பது. சோளப் பாம்பிற்கும் இனத்தான்! வளர்ந்தபின் இக்கோலம் மங்கிவிடும். நிறத்தை மாத்திரம் நம்பியவர் மீண்டும் ஏமாறுவர்.

“அண்ணாவைப் போல நானும் இதை வளர்த்திருக்கலாமே, அப்பா?” என்றான் மகன். அது கூட்டிலே பிறந்தது, இது காட்டிலே பிறந்தது என்றோம். பெயர் தெரியாத குட்டியைத் தொடலாகாது என்பதையும், காட்டுயிரைப் பிடித்து அடைத்தல் 1937ஆம் ஆண்டுமுதல் உள்ள வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வினையாகலாம் என்பதையும் கூறினோம்.

படத்தைப் பெரியவரிடம் காட்டியபோது நெடுநேரம் உற்றுப் பார்த்தார். “இதே சாதியை நான் எத்தனை அடிச்சிருப்பேனோ” என்றார். நாம் எம் ஓநாய்ப் பாம்பின் கதையைச் சொன்னோம். இருவரும் தேநீர் அருந்தினோம்.

டொரன்டோக் குட்டி இரு தடவை சட்டை உரித்துவிட்டதாம். கழுத்திலே செம்மஞ்சள் துலங்குகிறதாம், சாதாரணக் குட்டிதான். கொடுத்த பணத்திற்கு வருந்தாமல் அதற்கொரு பெயரும் சூட்டியிருக்கிறான். இங்கே நாம் விறகெடுக்குமுன் கோலால் மெல்லத் தட்டுகிறோம். கத்தியைக் கொண்டு போவதில்லை.