குழைக்கட்டு

அந்தமானில் எங்கள் கராச்சர்மாவில் கொஞ்ச காலமாவது இருந்தவர் என்றால் உங்களுக்கும் அந்த விடியல் நினைவிருக்கும். ஆனி மாதத்தில் ஐந்து மணிக்கே பளீரென்று வெளுத்துவிடும். மெயின்லேண்டுக் கடிகாரம் நம் சூரியனுக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. அந்த வெளிச்சத்துக்குக் காத்திருந்ததுபோல் செவலை முதலில் கத்தும். பிறகு கருப்பி, அப்புறம் குட்டிகள். அம்மா தலையை முடிந்துகொண்டே, “வாரேன், வாரேன்” என்று ஆடுகளுக்குப் பதில் சொல்லியபடி தொரட்டியைத் தேடுவாள்.

எங்கள் ஆடுகள் மேயப் போனதே இல்லை. மேலே அடுத்த வீட்டுப் பாக்குத் தோட்டம், பக்கத்தில் யாரோ உயிராக வளர்த்த வாழை, கீழே பஸ் போகும் ட்ரங்க் ரோடு. போதாததற்கு மழை. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர், சென்னையைப்போல் இரண்டு மடங்கு. மே மாதம் பிடித்தால் கார்த்திகை தாண்டியும் தரை காயாது. சேற்றில் நின்ற ஆட்டுக்குக் குளம்பு அழுகிவிடும். அதனால் இடுப்பு உயரத்துக்குப் பரண். பாக்கு மரத்தைப் பிளந்த சட்டங்களை விரல்கடை இடைவெளி விட்டு அடித்திருந்தோம். புழுக்கை கீழே உதிரும். அது தென்னைக்குப் போகும். ராமநாதபுரத்துக் கருவேலங்காட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த அப்பா, பரண்மேல் நின்று தின்னும் ஆட்டை முதன்முதலில் பார்த்தபோது, “பாவம், இதுக்குக் காலே மறந்துபோகும்” என்றாராம்.

ஆக, குழையைத் தேடி நாங்கள்தான் நடந்தோம். பெரிய ஆட்டுக்கு நாளைக்கு நாலைந்து கிலோ பச்சை வேண்டும். எங்கள் ஊரின் வரைபடம் எனக்குத் தழைகளாகத்தான் மனதில் இருக்கிறது. எந்த வளைவில் பலா தாழ்ந்து நிற்கும், எந்த வீட்டு வேலியில் கல்யாணமுருங்கை துளிர்த்திருக்கும், எந்த அத்தையிடம் கேட்டால் செம்பருத்திக் கிளையை ஒடிக்க விடுவாள். சவுண்டலை ஆடு ஆசையாகத் தின்னும். ஆனால் அதையே போட்டுக்கொண்டிருந்தால் முடி உதிரும் என்று அம்மா மற்ற தழையோடு கலந்துதான் கட்டுவாள். 1978-இல் வந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தை நாம் ‘காரி’ என்றுதானே சொல்வோம்? அங்கே கூலிவேலைக்குப் போன அத்தை கேட்டு வாங்கிவந்த நாலு நேப்பியர் கரணை, குளிக்கும் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் ஆளுயரத்துக்கு வளர்ந்தது. அறுக்கும்போது கையெல்லாம் கீறும். அந்த எரிச்சலும் அறுத்த புல்லின் இனிப்பு வாடையும் எனக்குள் இன்னும் ஒன்றாகவே இருக்கின்றன.

மேட்டு வீட்டு ராஞ்சித் தாத்தாவை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். காடு வெட்டும் வேலைக்குச் சோட்டாநாக்பூரிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். கிளைரிசிடியாவை வெட்டிய கையோடு போட்டால் எங்கள் ஆடுகள் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அரைநாள் நிழலில் வாட்டிப் போடு என்று சொல்லித்தந்தவர் அவர்தான். மழைக்காலத்தில் நான் ஈரக் கட்டோடு வந்தால் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்: “பானி ஜாட்கே தோ, பேட்டா.” நீரை உதறிவிட்டுக் கொடு. ஈரத்தழை வயிற்றை உப்பவைக்கும். நான் கட்டைப் பிரித்து ஒவ்வொரு கிளையாக உதறுவேன். உதறும்போது இலையடியில் ஒட்டியிருந்த பெரிய நத்தைகள் சொத்தென்று விழும். ஜப்பான்காரன் 1942-இல் வந்தபோது கொண்டுவந்த நத்தை என்பார் தாத்தா. பிறகு கட்டைத் தலைகீழாக உத்தரத்துக் கம்பியில் மாட்டவேண்டும். கீழே விழுந்து மிதிபட்ட இலையை வெள்ளாடு தொடாது. அந்த மரியாதையை அதற்குத் தந்தாகவேண்டும்.

மாட்டியதும் ஒரு சத்தம் எழும். பத்து வாய்கள் ஒரே நேரத்தில் இலையை உருவும் சரசரப்பு. வெளியே தகரத்தில் மழை. அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே பாடம் படித்திருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். கரண்ட் இல்லாத ராத்திரிகளில் அப்பா பாரன் தீவுக் கதை சொல்வார். 1891-இல் ஒரு கப்பலில் வந்தவர்கள் அந்த எரிமலைத் தீவில் விட்டுப்போன ஆடுகள் ஆளில்லாமலே பெருகி நிற்கின்றனவாம். “யாரு குழை வெட்டுவா?” என்று நான் கேட்பேன். அம்மா அதற்குச் சிரிக்கமாட்டாள். அவளுக்கும் அதே கவலைதான் என்று இப்போது தோன்றுகிறது.

பக்ரீத்துக்கும் வங்காளிகளின் காளிபூஜைக்கும் நம்மூர்க்காரர்களின் நேர்த்திக்கடனுக்கும் கிடா கேட்டு வருவார்கள். விற்ற அன்று அம்மா பேரம் பேசும் இடத்துக்கே வரமாட்டாள். அந்தக் கிடாவுக்குப் பிடித்த பலாக்குழையை ஒரு கட்டு கட்டி, கயிற்றோடு சேர்த்து வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். போகிற இடத்தில் ஒரு வேளையாவது பழகிய தழை.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு சிப்பிகாட் பக்கம் நிலமே தாழ்ந்துபோனது. நாம் வரப்போரம் புல்லறுத்த வயல்களில் கடல் வந்து நின்றது, திரும்பவில்லை. செத்த தென்னைகள் மொட்டையாக நீருக்குள் நின்றதை நீங்களும் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். பிறகு கராச்சர்மா மேட்டிலும் வேலிகள் போய் மதில்கள் வந்தன. பலா நின்ற வளைவில் மூன்று மாடி. போர்ட் பிளேயருக்கே இப்போது வேறு பெயர். தாத்தா இல்லை, அம்மாவும் இல்லை.

போன மழைக்குப் போயிருந்தேன். எங்கள் கொட்டில் இருந்த இடத்தில் யாருடைய வண்டியோ நின்றது. பின்பக்கம் வேலிக்கால் ஒன்று மட்டும் எப்படியோ தப்பித் துளிர்விட்டிருந்தது. கிளைரிசிடியா. ஒரு கிளையை ஒடித்தேன். கை தானாகவே அதை இரண்டுமுறை உதறியது.