ஒரே லிங்கர் ஸ்கிரிப்ட், ரெண்டு போர்டு

லிங்கர் ஸ்கிரிப்டை அப்படியே காப்பி பண்ற பழக்கம் உனக்கும் இருக்கா? எனக்கு இருந்தது. ஃபைனல் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, எஸ்டிஎம்32எஃப்407-க்கு எழுதின பூட்லோடரை ப்ளூ பில்லுக்கு மாற்றினேன். கோடை மாற்றினேன், ஸ்கிரிப்டை மாற்றவில்லை. பில்டில் ஒரு வார்னிங்கூட இல்லை. ஃப்ளாஷ் ரெண்டிலும் ஒரே முகவரியில் தொடங்குவதால் ஏற்றும்போதும் தகராறு இல்லை. எல்இடி மட்டும் எரியவே இல்லை. சால்டரிங் சரியில்லைன்னு ரூம்மேட்டைத் திட்டினேன் (பாவம், இன்னும் சாரி சொல்லல).

மூணு மணிக்கு மேப் ஃபைலைத் திறந்தப்போதான் புரிந்தது. 407-இல் அந்த ரேம் 128 கேபி. ஸ்டாக் அதன் உச்சியிலிருந்து இறங்கும். ப்ளூ பில்லில் மொத்தமே 20 கேபி. இல்லாத இடத்தில் முதல் புஷ், அங்கேயே ஃபால்ட். லிங்கருக்கு சிப் எதுன்னு தெரியாது. நாம எழுதினதை நம்பும், அவ்வளவுதான்.

இப்போ செக்‌ஷன்ஸ் பகுதி ஒரே பொது ஃபைல். மெமரி பகுதி சிப்புக்கு ஒன்று. அது பொது ஃபைலை இன்க்ளூட் பண்ணும். ஸ்டாக் உச்சிக்கு நாங்க எண் எழுதுறதில்லை. ரேமின் தொடக்கத்தோடு நீளத்தைக் கூட்டி லிங்கரே கண்டுபிடிக்கும். அப்ளிகேஷன் ரெண்டிலும் 16 கேபி தள்ளித் தொடங்குது. 407-இன் முதல் செக்டர் சரியா 16 கேபி. ப்ளூ பில்லில் 1 கேபி பக்கங்கள், எங்கே வெட்டினாலும் ஒத்துக்கும்.

ரிவ்யூவுக்கு இருபது நிமிஷம் முன்னாடி எல்இடி எரிந்தது.